ஹென்றி வீட்டு ஜெபமாலை

என் தம்பி ஹென்றி தூத்துக்குடியில் சங்கு குளித்தவன். ஆழத்தில் காது உடைந்து, நாற்பது வயதுக்குள் செவிடாகிவிட்டான். வேலை போனதைக்கூடத் தாங்கிக்கொண்டான். அவனால் தாங்க முடியாதது வேறு.

அக்டோபர் மாதம் மாதா சுரூபம் எங்கள் தெருவில் வீடு வீடாக வரும். வந்த வீட்டுக்காரன்தான் ஜெபமாலை நடத்த வேண்டும். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஜெபத்தின் முதல் பாதியை அவன் சொல்ல, மறுபாதியை நாங்கள் சொல்வோம். காது கேளாத ஹென்றி நாங்கள் முடிக்குமுன்னே அடுத்ததைத் தொடங்கிக்கொண்டே இருந்ததில், பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். மாலையை என் கையில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டான்.

புதுத் துறைமுகம் திறந்த வருஷம் மதுரைக்குப் போய்ச் செவி மிஷின் வாங்கினோம். சட்டைப் பையில் ஒரு பெட்டி, காதுக்கு ஒரு வயர். தெருவே கூடி, டெலிபோனில் பேசுவதுபோல் அவன் நெஞ்சுக்கு நேரே குனிந்து கத்தியது.

“ஏலே ஹென்றி, கேக்குதா?”

“மண்டைக்குள்ள தகரத்தை உருட்டுதானுவ!” என்று வயரைப் பிடுங்கிவிட்டான்.

மிஷின் சத்தத்தைத்தான் கொடுக்கும், அதில் பேச்சு எது என்று காதுதான் பழக வேண்டும், தெரிந்த வார்த்தையில் தொடங்குங்கள் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். ஜெபமாலையைவிடத் தெரிந்த வார்த்தை எது? கூட்டத்தை விரட்டினேன். ஹென்றி, அவன் மனைவி அமலோற்பவம், கடலில் அவனுக்குக் கயிறு பிடித்த மச்சான் மரியான், நான், இவ்வளவு பேர்தான் சாயங்காலம் உட்கார்ந்தோம்.

மரியான் ஒரு உபாயம் செய்தான். ஹென்றியின் விரலில் தூண்டில் நரம்பைக் கட்டி, நாங்கள் முடித்ததும் ஒரு சுண்டு சுண்டுவான். கடலுக்கடியில் கயிற்றுச் சைகைக்கு இருந்த பழக்கமாயிற்றே, ஹென்றி தப்பாமல் தொடங்கினான். எனக்குச் சந்தோஷம். பிறகு பார்த்தால், பெட்டியை அணைத்தே வைத்திருக்கிறான்!

நரம்பை அறுத்தேன். பெட்டியின் குமிழைத் திருகிவிட்டுக் கேட்டேன்: “மாதா முன்னாலயும் கயிறு கட்டிக்கிட்டா உக்காரப் போற?”

“கயிறு இருக்கையில காது எதுக்கு அக்கா?”

“எனக்கா வேணும்? உனக்குத்தான்ல வேணும்!”

முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் மறுநாளும் வந்து உட்கார்ந்தான். இடறினான், திட்டினான், மறுபடி தொடங்கினான்.

மாதா அவன் வீட்டுக்கு வந்த அன்று வாசல்வரை ஆட்கள். நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தான். பாதி தாண்டியிருப்போம், நாங்கள் முடித்தும் அவன் தொடங்கவில்லை. மரியானின் கை தானாக இல்லாத நரம்பைத் தேடியது. நான் அவன் பக்கம் குனிந்தேன்.

“ஏலே, சொல்லு!”

“பொறு அக்கா. இவ இன்னும் ஆமெனை இழுத்துக்கிட்டிருக்கா.”

எல்லாரும் திரும்பினோம். அமலோற்பவம் கண்ணை மூடி, மெல்லிய குரலில் இழுத்துக்கொண்டுதான் இருந்தாள். “கல்யாணம் ஆனதுலேர்ந்து இப்படித்தான் இழுக்கேன். இன்னைக்குத்தான் கேட்டுதாக்கும்!” என்றாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். ஹென்றியும் சிரித்தான். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, அடுத்த மணியைத் தொட்டான்.