தனக்கோடியின் ஆவாரம்புதர்

“பொம்பளைன்னா வயிறு கெடயாதா, மூத்திரம் வராதா? ஒரு மறைவு கட்டிக் குடுக்க இவனுங்களுக்குக் கை வராது!”

மரக்காணம் உப்பளத்தில் கூடை தூக்கும் தனக்கோடி, தினமும் காலையில் இதைச் சொல்லித்தான் சும்மாடு சுருட்டுவாள்.

அளத்தில் கக்கூஸ் கிடையாது. கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளைப் பாத்தி, ஒதுங்க ஒரு சுவர் இல்லை. பெண்களுக்கு இருந்ததெல்லாம் அளத்தை ஒட்டிய மேட்டில் இடுப்புயரத்துக்கு அடர்ந்து நின்ற ஆவாரம்புதர்தான். ஆடுகூட அதைக் கடிக்காது. வெயில் மண்டையைப் பிளக்கும்போது அதன் தழையைச் சும்மாட்டுக்கடியில் வைத்துக்கொள்வார்கள். அந்தப் புதரும் இல்லையென்றால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் கிடந்து நீர்க்கடுப்பில் சாகவேண்டியதுதான்.

சுனாமிக்கு அடுத்த கோடையில், அலையைத் தடுக்கச் சவுக்கு நடுகிறோம் என்று ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. விழாவுக்கென்று அதே மேட்டில் நாலு பக்கமும் துணி மறைத்துச் சாமியானா போட்டார்கள். ஜேசிபி பாதிப் புதரை வழித்துப் போட்டது. மஞ்சள் பூவோடு செடிகள் வேர் மேலே தெரியக் கிடந்தன. தனக்கோடிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“யாரக் கேட்டுப் புடுங்குற?”

“வெறும் காட்டுச்செடிம்மா இது. மூணு வருஷத்துல சவுக்கு தோப்பா நிக்கும்,” என்றான் மேற்பார்வை பார்த்த சுரேஷ்.

“மூணு வருஷம் நாங்க அடக்கிக்கினு இருக்கறதா? ஒம்பொண்டாட்டி இருப்பாளா?”

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. தனக்கோடி அளத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு சொம்புத் தண்ணீரோடு ஏறி வந்தார்கள். நேராகச் சாமியானாவுக்குள் நுழைந்தார்கள்.

“ஆம்பளைங்க எல்லாம் வெளிய போங்கப்பா! இனிமே எங்களுக்கு இதான் மறைவு.”

“இன்னாம்மா இது, ஆபீசருங்க வர்ற எடம்!” என்று சுரேஷ் பதறினான்.

“வரட்டும். அவங்களயும் சொம்பு எடுத்தாரச் சொல்லு,” என்றாள் கூட வேலை செய்யும் விருத்தாம்பாள்.

ஜேசிபி நின்றது. மிச்சப் புதரை விட்டுவிட்டுச் சவுக்கைக் கடலோரமாகத் தள்ளி நட்டார்கள்.

அத்தோடு முடிந்ததா? இந்த வருஷம் உப்பள முதலாளி தேசப்பன், லாரி நிறுத்த இடம் வேண்டுமென்று அந்த மிச்சத்தையும் வழிக்கப் பார்க்கிறார். கக்கூஸ் கேட்டால், “இத்தன நாளு இல்லாமலா இருந்தீங்க?” என்கிறார். மேட்டுப் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டாலே தனக்கோடி கூடையை வீசிவிட்டு ஓடிப்போய்ப் புதருக்கு முன்னால் நிற்கிறாள். அதற்காக அவளுக்கு வேலையும் போகலாம்.

மரக்காணம் வழியாகப் போகிற பெண்கள் பஸ்ஸை விட்டு இறங்கி அவளைப் போய்ப் பாருங்கள். உப்புக்குவியலைப் போட்டோ பிடித்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அந்த மேட்டில் அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். தேசப்பன் பார்க்கட்டும்.