முள்ளும் நெறியும்

என் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ‘ர’வும் ‘ற’வும் இடம் மாறிக் கிடந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன்.

எட்டு வயதில் எனக்குச் சோறு இறங்கினாலே வயிறு வலிக்கும். பார்க்க வந்தவர்களெல்லாம் வயிற்றை அமுக்கிவிட்டு ஆளுக்கொரு கஷாயம் சொன்னார்கள். குடித்தவன் நான். மெலிந்ததுதான் மிச்சம். கடைசியில் அப்பாவும் அம்மாவும் என்னை நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனார்கள். அவரும் அமுக்கினார்.

“வயித்துக்குள்ள நெறி கட்டியிருக்கு” என்றார்.

எங்கள் ஊரில் நெறி என்கிற வீக்கம் தொடையிடுக்கில்தான் கட்டும்; காலில் முள்ளோ புண்ணோ இருந்தால் வரும். அப்பா அங்கேயே என் காலைத் தூக்கித் தேட ஆரம்பித்தார்.

“காலை விடும் ஓய். இது வேற நெறி. வீட்டில ஆருக்காவது நாள்பட்ட இருமல் உண்டுமா?”

“ஒருத்தருக்கும் இல்ல” என்றாள் அம்மா.

விடியற்காலை தோறும் அடுப்படியில் அவள் இருமுவதைக் கேட்டுத்தான் நான் விழிப்பேன். சொல்ல வாயைத் திறந்தேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. ஆஸ்பத்திரியில் அவள் ஒரு தடவைகூட இருமவில்லை. ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு மொத்தமாக இருமித் தீர்த்தாள்.

அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தார் டாக்டர். அதுவரை தினமும் அப்பா என்னை வெயிலில் உட்காரவைத்து ஊசியால் குதிகாலைக் குடைந்தார்.

“வயித்திலதான வலிக்கு?” என்று அழுதேன்.

“அனங்காம இருல, சவமே.”

நாலாம் நாள் பழைய உடைமர முள் ஒன்று வெளியே வந்தது. அதை வெற்றிலையில் மடித்து வைத்துக்கொண்டு, போன உடனே டாக்டர் மேசையில் விரித்தார்.

“முள்ளு கிட்டிச்சு டாக்டரே. இனி வத்திரும்லா?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “ஓய், இது இருமல்ல ஒட்டுக டி.பி. நெறி. இருமுகது ஆருன்னு தெரியாம இந்தப் பயலுக்க வயித்தத் தடவிக்கிட்டு நான் என்ன செய்ய?”

அம்மா தரையைப் பார்த்தபடி சொன்னாள். “எனக்குத்தான். ஆடியிலேருந்து.”

“ஏட்டி, அது அடுப்புப் புகையில்லா?” என்றார் அப்பா.

எனக்கு ஊசி போட்டு அப்பாவோடு அனுப்பினார்கள். அம்மாவை மட்டும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். எங்கள் சாரும் பொய் சொன்னவனைப் பள்ளி விட்ட பிறகும் நிறுத்திவைப்பார். பஸ்ஸில் தொடையைத் தடவிக்கொண்டே, கிள்ளினவளுக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொல்லம் ஆண்டு 1165, ஆவணி 10