எண்ணெய் பூசாத உடம்பு

குற்றாலத்துக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. நனைவதற்கென்றே பஸ் ஏறி வருகிறார்கள். உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் கீழே நிற்கிறார்கள். வெளியே வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மறுபடி எண்ணெய் தேய்க்கிறார்கள். சிலோன் தேயிலை மலையில் மழையிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு நனையாமல் இருப்பதுதான் சுகம். என்னைப் போலக் கப்பலேறி வந்துவிட்டவர்களுக்கும், போவதா இருப்பதா என்று இன்னும் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், விழித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் சொல்ல என்னிடம் ஒரு நல்ல சேதி உண்டு. அது இந்த எண்ணெயில்தான் தொடங்குகிறது.

என் தாத்தாவின் ஊர் ஆலங்குளம் பக்கம் என்று கேள்வி. வந்திறங்கியதும் அங்கே போய் விசாரித்தோம். அவர் பெயரைச் சொன்னால் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நானும் மனைவி செல்லம்மாவும் அவள் தம்பி ராமையாவும் பிழைப்புத் தேடித் தென்காசிக்கு வந்து, குத்துக்கல்வலசையில் ஒரு குடிசை போட்டோம். கிடைத்த வேலை நெல்லுக்குப் பூச்சிமருந்து அடிப்பது. அந்த மருந்து அப்போதுதான் ஊருக்குப் புதிதாக வந்திருந்தது. தகர டப்பாவில் வரும், மண்ணெண்ணெய் போல நாறும், தண்ணீரில் விட்டால் பாலாக வெளுக்கும். பம்பை முதுகில் கட்டிக்கொண்டு பயிருக்குள் நடக்க வேண்டும். கூலி சற்று அதிகம், அதற்கு வரும் உள்ளூர்க்காரர்கள் சற்றுக் குறைவு.

எங்கள் கூட்டத்துக்குத் தலை இசக்கி என்ற உள்ளூர்க்காரர். காலையில் வேலைக்கு இறங்குமுன் அவர் ஒரு எண்ணெய்ப் போத்தலைச் சுற்றுக்கு விடுவார். எண்ணெய் பூசிய உடம்பில் அருவித் தண்ணீர் ஒட்டாமல் வழிகிறதல்லவா, மருந்தும் அப்படியே வழிந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. எண்ணெய் பட்டாலே எனக்குச் சளி பிடிக்கும் என்று நான் ஒதுங்கிக்கொண்டேன். சிலோன் உடம்பு என்று சிரித்தார்கள். ராமையா அப்படி ஒதுங்கவில்லை. இந்த ஊர்க்காரனாகிவிட வேண்டும் என்று அவனுக்கு அப்படியொரு அவசரம். பேச்சை மாற்றினான், மீசையை மாற்றினான், எண்ணெயை எல்லோரையும்விட அதிகமாகப் பூசிக்கொண்டான்.

மருந்தடிக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் உச்சிவேளையில் தலை சுற்றுகிறது என்று வரப்பில் உட்கார்ந்தவன், வாந்தி எடுத்து, கைகால் இழுத்துச் சாய்ந்துவிட்டான். மாட்டுவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நான் அழுதுகொண்டே போனேன்; அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவனைக் கழுவிவிடச் சொன்னார் டாக்டர். தண்ணீர் ஊற்ற ஊற்ற அந்த நாற்றம் போகவே இல்லை. சேதி கேட்டு ஓடி வந்திருந்த செல்லம்மா மடியிலிருந்து ஒரு சோப்புத் துண்டை எடுத்தாள். அட்டை ஏறாமலிருக்கக் காலில் தேய்த்துக்கொள்ள மலையில் நம் பெண்கள் எல்லோரும் வைத்திருப்பார்களே, அந்தப் பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை. நான்கு முறை சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகுதான் வாடை குறைந்தது. அதே மருந்தை அடித்த என் கையில் ஒரு முறை போட்டதுமே போய்விட்டது. எனக்குப் பொறி தட்டியது. மருந்து எண்ணெயில் வழியவில்லை, எண்ணெயோடு சேர்ந்து உடம்பிலேயே உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலையில் ராமையா கண் திறந்திருந்தான், ஆனால் அவனுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. எண்ணெயைப் பற்றி வயலில் நான் வாயைத் திறந்தால் இருக்கிற வேலையும் போகும். செல்லம்மா தெளிவாகச் சொன்னாள்: “பேசிட்டு வாங்க. வேலை போனா போகட்டும்ங்க.”

வயலில் எல்லோரும் கூடியிருக்கும்போது இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளில், ஒன்றில் கொஞ்சம் நல்லெண்ணெயும் மற்றதில் கொஞ்சம் தண்ணீரும் எடுத்துக்கொண்டேன். தண்ணீரில் ஒரு குச்சியால் மருந்தைச் சொட்டினேன், வெளுத்துக் கலங்கியது. எண்ணெயில் சொட்டினேன். சுவடே தெரியாமல் கரைந்துவிட்டது. இதைத்தான் தினமும் மேலெல்லாம் பூசிக்கொள்கிறோம் என்றேன். இனி எண்ணெய் வேண்டாம், வரப்பில் ஒரு பீப்பாய் தண்ணீரும் ஆளுக்கொரு சோப்பும் வேண்டும், இல்லாவிட்டால் பம்பைத் தொடமாட்டேன் என்றேன்.

வயல்காரர் நான் வாசனை சோப்புக்கு ஆசைப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார். “சோப்பா? கல்யாணத்துக்கா போறீரு வே?” என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். இசக்கி சிரிக்கவில்லை. சிரட்டையைப் பார்த்தார், எண்ணெய் மினுங்கிய தன் கையை முகர்ந்தார், முதுகிலிருந்த பம்பைக் கழற்றிக் கீழே வைத்தார்.

“சோப்பு வராம நானும் எடுக்க மாட்டேன் அண்ணாச்சி. அந்தப் பய விழுந்ததை நான்லா பாத்தேன்.”

ஒவ்வொரு பம்பாகக் கீழே இறங்கியது. மத்தியானத்துக்குள் துணி சோப்புக் கட்டிகளும் பீப்பாயும் வந்து சேர்ந்தன. நாங்கள் ஜெயித்துவிட்டோம். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, காற்றுக்கு முதுகு காட்டி நடந்து அந்தப் போகம் முழுவதும் அடித்தோம். விஷம் விஷம்தான், கண் எரிச்சலும் தலைவலியும் விட்டபாடில்லை. ஆனால் ஒருவரும் விழவில்லை. பத்தாம் நாள் ராமையா என்னை “மச்சான்” என்று கூப்பிட்டு, பசிக்கிறது என்றான். சுரண்டைப் பக்கத்து ஆட்களும் வந்து நாங்கள் செய்வதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாடில்லாதவன் என்று இரண்டு நாடும் சொன்ன ஒருவனுக்கு இதைவிடப் பெரிய வெற்றி என்ன வேண்டும்?

சென்ற போகத்தில், கப்பலிலிருந்து இறங்கி ஒரு மாதம்கூட ஆகாத ஒருவர் எங்களோடு சேர்ந்தார். சாயங்காலம் பீப்பாயருகே நின்று இசக்கி அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: “எண்ணெ தடவப்படாது. சோப்புப் போடாம வீட்டுக்குப் போவப்படாது. இது இங்கன காலங்காலமா உள்ள வழக்கம், பாத்துக்கிடும்.”

புதியவர் என் பக்கம் திரும்பினார். “நீங்க இந்த ஊருங்களா?” நம் மலைப்பேச்சு. வீட்டுக்கு வெளியே அதைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது.

நான் வாய் திறப்பதற்குள் இசக்கி முந்திக்கொண்டார். “அவரா? அவரு சிலோன்காரருல்லா.”

நான் யாரையும் திருத்தவில்லை. இருவருக்கும் நடுவில் நின்று, நுரை படிந்த நான்கு கைகளுக்கும் தண்ணீர் ஊற்றினேன். அன்றைக்கும் எல்லோரும் எங்கள் காலாலேயே நடந்து வீட்டுக்குப் போனோம்.