ரைட்டு ரங்கனின் முகம்

போன வாரம் கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறினேன். புது வண்டி. கதவு புஸ்ஸென்று தானாக மூடிக்கொள்ள, பஸ் கிளம்பிவிட்டது. கண்டக்டர் வாயைத் திறக்கவே இல்லை. உட்கார்ந்து கைபேசி பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வசதிதான், யாரும் படியிலிருந்து விழமாட்டார்கள். ஆனாலும் எனக்கு எரிச்சலாக வந்தது. 'ரைட்' சொல்லாமல் ஒரு பஸ் கிளம்புவதாவது! ரைட்டு ரங்கன் பார்த்திருந்தால் வண்டிக்குக் குறுக்கே படுத்திருப்பான்.

ரங்கனை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒரு நாளிதழில் தினமும் நாலு கட்டத்தில் வந்த சித்திரக்கதைக் கண்டக்டர் அவன். அவசரக்குடுக்கை. ஆட்கள் ஏறுவதற்குள் 'ரைட்' கொடுத்துவிடுவான். மாப்பிள்ளை பஸ்ஸில், பெண் ரோட்டில். மூட்டை பஸ்ஸில், மூட்டைக்காரர் ரோட்டில். இதை வைத்துக்கொண்டே, நான் பிறப்பதற்கு முன்பிருந்து ஓட்டிக்கொண்டிருந்தார் ஓவியர். நடுவில் வானொலி நாடகமாகக்கூட வந்தான். யாரோ தொண்டை கட்டியவர் ரங்கனாகப் பேச, அப்பா ரேடியோவை அணைத்துவிட்டு, "இது நம்ம ரங்கன் கொரலே இல்ல" என்றார். படத்துக்கு ஏது குரல் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சுனாமிக்கு அடுத்த வருடம் அதே நாளிதழின் கடலூர்ப் பதிப்பில் பக்கம் வடிவமைக்கும் வேலை கிடைத்தது. சென்னையிலிருந்து ரங்கன் மெயிலில் வருவான். அவனைப் பக்கத்தில் உட்கார வைப்பது என் பொறுப்பு. கம்ப்யூட்டர் சூட்டு வாடையும் டீ வாடையும் கலந்த அந்த அறையில் என் எதிரி விளம்பரப் பிரிவு அந்தோணி அண்ணன். தேவனாம்பட்டினத்துக்காரர், தங்கமான மனிதர். ஆனால் சாயங்காலமானால் ஒரு கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தோடு வந்து நிற்பார்.

"தம்பி, அந்தக் கண்டக்டர தூக்கிட்டு இத போடு."

"அண்ணே, நேத்தும் தூக்கியாச்சு."

"செத்தவரு நாளைக்கு மறுபடி சாவாரா? ஒன் ரங்கன் நாளைக்கும் வருவான் இல்ல?"

ரங்கனைத் தூக்குவேன். மறுநாள் காலை சிதம்பரத்திலிருந்து எங்கள் வாசகர் மருந்துக்கடை பாய் போனில் பிடித்துக்கொள்வார். "இன்னா தம்பி, ரங்கனுக்கு லீவா? கடைய தொறந்ததும் அவன் மூஞ்சியத்தான் பாக்குறேன். நீங்க யாரோ செத்த மூஞ்சிய காட்டுறீங்க!" திட்டுத்தான். ஆனாலும் எனக்குத் தெம்பாக இருக்கும். ரங்கனுக்காகச் சண்டை போட நான் ஒருத்தன் மட்டும் இல்லையே.

பிறகு தொலைக்காட்சித் தொடர் வந்தது. ரங்கனாக நடித்தவர் ரோஜாப்பூ நிறம், ஒதுக்கி வெட்டிய மீசை. மேல்பட்டாம்பாக்கத்தில் அக்கா வீட்டில் உட்கார்ந்து முதல் வாரம் முழுக்கப் பார்த்தேன். பஸ் நகரவே இல்லை. ஓட்டினால் செலவு ஜாஸ்தி போலிருக்கிறது. நிறுத்திவைத்த பஸ்ஸுக்குள் உட்கார்ந்து ரங்கன் அண்ணியின் சூழ்ச்சியை நினைத்து அழுதான். பஸ் நகராததால் 'ரைட்' என்ற சொல்லே கிடையாது. டிவியைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போலிருந்தது. "சும்மா இருடா, பாவம் அழுவுறான்" என்றாள் அக்கா.

அதோடு விட்டார்களா? ஒருநாள் மெயிலில் வந்த ரங்கனுக்கு அந்த நடிகரின் முகம். சென்னைக்குப் போன் செய்தேன். "சேனல்ல கேட்டாங்க, ஓவியர் மாத்திட்டார். உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றார்கள். போனை வைத்தேன். மறுநாள் பாய் கூப்பிட்டு நாறடிப்பார், அதை அப்படியே சென்னைக்குச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன்.

போன் வந்தது. "தம்பி, இப்பதான் ரங்கன் லட்சணமா இருக்கான். இத்தினி வருசமா ஏன் அவன கோரமா போட்டு வெச்சிருந்தீங்க?"

அன்று சாயங்காலம் அந்தோணி அண்ணன் விளம்பரத்தோடு வந்தபோது, அவர் கேட்பதற்கு முன்பே ரங்கனின் இடத்தைக் கொடுத்துவிட்டேன்.

தொடர் முடிந்தது, கொஞ்ச நாளில் ரங்கனும் நின்றான். யாரும் ஏனென்று கேட்கவில்லை. பழைய இதழ்களை அடுக்கி வைத்திருந்த எங்கள் அறை 2011-இல் வந்த 'தானே' புயலில் ஒழுகி, எல்லாம் கூழாகிப் போயிற்று. சென்னையில் விசாரித்தால், "அதெல்லாம் யார் சார் எடுத்து வெச்சிருக்கா?" என்கிறார்கள்.

நேற்று ஒரு தாளில் ரங்கனை நானே வரைந்து பார்த்தேன். தோள்பை வந்தது. காதில் செருகிய பென்சில் வந்தது. ஒரு காலைப் படியில் வைத்து நிற்கும் தோரணைகூட வந்தது. மூக்கு நீளமா, சப்பையா? எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. முகம் போடவேண்டிய இடத்தில் அந்த நடிகர்தான் வந்து நிற்கிறார்.