சகலையோடு அருவிக்குப் போன நாள்

என் சகலையைப் பற்றி யாரிடம் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். அதுதான் எனக்குப் பிரச்சினை. என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர் அவர். கட்டடங்களுக்குச் சாரம் கட்டுவது தொழில். சுவர் எழும்பும்போது முதலில் ஏறுகிறவரும் அவர்தான். பூச்சு, வண்ணம் எல்லாம் முடிந்த பிறகு சாரக் குழாய்களைக் கழற்றிக்கொண்டு கடைசியாக இறங்குகிறவரும் அவர்தான். அப்புறம் அந்தக் கட்டடத்தில் அவர் வேலை செய்த சுவடே இருக்காது. முப்பது வருடமாக இதைச் செய்கிறார், ஒரு வார்த்தை பீற்றிக்கொண்டதில்லை. பீற்றிக்கொண்டாலாவது திட்டித் தீர்க்கலாம்.

நான் செருப்புக்கடையில் இருக்கிறேன். சொந்தக் கடை இல்லை, ஆனால் முதலாளியே தன் காலை என்னிடம்தான் நீட்டுவார். இருபது வருடமாகக் குட்டை முக்காலியில் உட்கார்ந்து ஊரார் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆள் வாசலில் நுழையும்போதே அளவைச் சொல்லிவிடுவேன்.

எனக்கு ஒரே மகள், பதினொரு வயது. அவளுக்குப் பெரியப்பா என்றால் உயிர். வயிறு எரிகிறது என்று பேச்சுக்குச் சொல்வார்கள். எனக்கு நிஜமாகவே எரியும். பள்ளி ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்ததை அவள் முதலில் போன் செய்து சொன்னது அவரிடம். நான் அடுத்த அறையில் அவளுடைய சட்டையைத்தான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஐந்து வயதிருக்கும்போது ஆசை ஆசையாக ஓர் ஊஞ்சல் மாட்டினேன். ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. "பெரியப்பா வரட்டும்பா, அதுவரைக்கும் ஆட வேணாம்" என்றாள். அவர் வந்தார், ஒன்றும் பேசாமல் கொக்கியை இடம் மாற்றினார், போய்விட்டார். அவருக்கு இரண்டு பையன்கள், வளர்ந்து வேலைக்கும் போய்விட்டார்கள். இருக்கிற ஒரு மகளையாவது எனக்கு விட்டுவைக்கக் கூடாதா?

இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு நாள் மலை அருவிக்குப் போவது என்று முடிவானபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். பாதை பாதி தூரம்தான், அதற்கு மேல் பாறைகளைப் பிடித்து ஏறினால்தான் பெரிய அருவி. ஆக, எல்லாமே கால் சமாச்சாரம். கால் என் துறை. இந்த ஒரு நாளாவது அவள் என்னைப் பார்த்து அசர வேண்டும். கடையில் இருந்ததிலேயே நல்ல மலையேற்ற ஷூவை எடுத்தேன். கணுக்கால் வரை மூடும், அடியில் ஆழமான பள்ளங்கள். அவளைக் கடைக்கே வரவழைத்து உட்காரவைத்து மாட்டிவிட்டேன்.

"ஷூன்னா காலைக் கவ்விப் பிடிக்கணும். லூசா இருந்தா வழுக்கும். எப்படி இருக்கு?"

"கரெக்டா இருக்குப்பா" என்று கடைக்குள்ளேயே நான்கு முறை நடந்து காட்டினாள்.

வீட்டில் பெட்டியைத் திறந்து பார்த்த என் மனைவி, "இது மலை ஏறவா, இல்ல எங்க மாமாவை ஜெயிக்கவா?" என்றாள்.

சகலை ஒரு பழைய கான்வாஸ் ஷூவில் வந்து நின்றார். சுண்டுவிரல் பக்கம் கிழிசல். எனக்கு அன்றைய பொழுது நன்றாகவே விடிந்தது. ஏறத் தொடங்கி அரை மணி நேரத்தில் மகள் திரும்பி, "அப்பா, ஷூ சூப்பர்ப்பா, வழுக்கவே இல்ல" என்று கத்தினாள். அது சகலை காதில் விழுந்ததா என்று பார்த்தேன். விழுந்திருந்தது. "நல்ல ஷூ, சகலை" என்றார். மனதாரச் சொன்னார் மனுஷன். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

பாதை முடிந்து பாறைகள் வந்ததும் என் பொழுது கவிழ்ந்தது. அவர் ஒவ்வொரு பாறையையும் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார், லேசாக அசைத்துப் பார்ப்பார், பிறகுதான் எடை வைப்பார். சாரக் குழாயில் செய்து செய்து ஊறிய பழக்கம். "ரெண்டு கையும் பிடிச்ச பிறகுதான் காலை எடுக்கணும், கண்ணு." அவ்வளவுதான் பாடம். என் மகள் அதே மாதிரி தட்டினாள், அதே மாதிரி அசைத்தாள், அவருடைய மூக்குறிஞ்சலைக்கூட விடவில்லை.

"இங்க வாம்மா, அப்பா தூக்கி விடறேன்."

"வேணாம்பா, நானே ஏறிக்கிறேன்."

நானும் ஏறத் தெரிந்தவன்தான் என்று காட்ட, குறுக்கே ஒரு பாறையில் தாவினேன். பாசி. அடுத்த நொடி இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள், என் மனைவி கொஞ்சம் அதிகமாகவே. சகலை மட்டும் சிரிக்காமல் கையை நீட்டினார். நான் பிடிக்கவில்லை. எழுந்தேன், மறுபடி வழுக்கியது, அப்புறம் பிடித்தேன். அருவிக்கடியில் அவரும் அவளும் கூச்சல் போட்டு நனைந்துகொண்டிருக்க, நான் ஈர உடையோடு ரொட்டியை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இறங்கும்போது அவர்கள் இருவரும் பின்தங்கினார்கள். திரும்பிப் பார்த்தபோதெல்லாம் குசுகுசுவென்று ஏதோ பேச்சு. ஒரு திருப்பத்தில் மகள் ஷூ இல்லாமல் வெறும் சாக்ஸோடு, அவர் கையைப் பிடித்தபடி வந்தாள்.

"ஷூ எங்க?"

"நனைஞ்சிடுச்சுப்பா. பெரியப்பா பையில இருக்கு."

அவ்வளவு நேரம் அடக்கி வைத்தது பொங்கிவிட்டது. "கழட்டி மாட்டறது உங்க தொழில்தான் சகலை, யார் இல்லன்னா? அதுக்காக என் பொண்ணு கால்ல கிடக்கறதையும் கழட்டணுமா? ஒரே ஒரு நாள், நான் வாங்கிக் குடுத்ததைப் போட்டுக்க விட மாட்டீங்களா?"

என் மனைவியின் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "ஏங்க, நிறுத்துங்க" என்றாள் என் மனைவி. மகள் வாயைத் திறந்தாள். சகலை அவள் தோளில் கைவைத்து நிறுத்தினார். "என் தப்புதான்" என்று பையிலிருந்து ஷூவை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

ஷூ கைக்கு வந்தால் உள்ளே கையை விடுவேன். இருபது வருடப் பழக்கம். உள்ளே ஈரமே இல்லை. முனையில் மட்டும், கட்டைவிரல் இருக்கும் இடத்தில், ஏதோ பிசுபிசுத்தது. கையை வெளியே எடுத்துப் பார்த்தேன். ரத்தம்.

அப்போதுதான் என் மரமண்டைக்கு எட்டியது. எங்கள் கடைத் தரை பளிங்குத் தரை, சமம். அதில் கவ்வி நிற்கிற ஷூ ஏறும்போதும் கவ்வும். இறங்கும்போது பாதம் முன்னால் சரியும், முனையில் ஒரு விரல் இடம் வேண்டும். நான் விட்டது நூல் அளவு. இவ்வளவு ஷூ விற்றேனே, ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒரு மலை இறங்கியதில்லை.

சாக்ஸைக் கழற்றினேன். இரண்டு கட்டைவிரலிலும் சகலையின் துண்டைக் கிழித்துச் சுற்றியிருந்தது.

"நீங்க சங்கடப்படுவீங்கன்னு புள்ளதான் சொல்ல வேணாம்னுச்சு, சகலை" என்றார் அவர், ஏதோ குற்றம் செய்தவர்போல.

வெட்கப்பட வேண்டிய நேரம். பட்டேன். ஆனால் அதற்கும் முன்னால் வந்தது பழைய எரிச்சல்தான். அவளுடைய சந்தோஷத்தையெல்லாம் அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறாள் என்று இத்தனை நாள் புலம்பினேன். இப்போது வலியையும் அவரிடமே கொடுத்திருக்கிறாள்.

அவளைத் தூக்கிக்கொள்ள அவர் குனிந்தார். என்ன நினைத்தாரோ, நிமிர்ந்துவிட்டார். "நீங்க தூக்கிக்கங்க. நான் முன்னால போறேன், நான் வச்ச இடத்துல வைங்க."

மகளை முதுகில் ஏற்றிக்கொண்டேன். அவர் ஒவ்வொரு பாறையாகத் தட்டிப் பார்த்து, மிதித்துக் காட்டி, என்னைத் திரும்பிப் பார்த்து நகர்ந்தார். அவர் வைத்த இடத்தில் நான் வைத்தேன். வேறு வழி? கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தவள் பிடியை இறுக்கினாள். பிறகு காதருகில், "வலிக்குதுப்பா. ரொம்ப வலிக்குது" என்றாள்.

புத்தியுள்ள அப்பன் ஆறுதல் சொல்லியிருப்பான். நான் குரலைத் தாழ்த்தி, "பெரியப்பாகிட்ட சொன்னப்போ அழுதியா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. அவர்கிட்ட எதுக்கு அழணும்?"

சொல்லிவிட்டு என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கீழே வந்து சேரும்வரை அழுதாள்.