சலூன்கார அண்ணனின் விடுமுறை நாள்

அந்த அம்மா வளர்ந்த தன் மகனை முதன்முதலாகத் தெருமுனைச் சலூனுக்குக் கூட்டிப் போன அன்று, கண்ணாடியைப் பார்த்ததும் அவன் வாசலிலேயே நின்றுவிட்டான். கண்ணாடிக்குள் இருப்பவன் தன்னைத் திட்டுகிறான் என்று நடுங்கினான். சலூன்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணாடியின் மேல் போட்டார்.

"எனக்கும் என் மூஞ்சியப் பாத்துப் பாத்துச் சலிச்சுப் போச்சு. உக்காருங்க மாப்ளே" என்றார்.

மகனுக்கு மனச்சிதைவு நோய். பன்னிரண்டு வருஷமாக யார் கேட்டாலும் "அவனுக்குக் கூச்ச சுபாவம்" என்றே அந்த அம்மா சமாளித்து வந்தார். உண்மையைச் சொல்லி அழுதது இந்த ஒருவரிடம்தான்.

அதன்பின் கடைக்கு விடுமுறை விடும் நாளெல்லாம் சலூன்காரர் அவர்கள் வீட்டுக்கு வந்து மகனோடு கேரம் ஆடினார். "மறுபடியும் தோக்கடிச்சிட்டீங்களே மாப்ளே, என் மானம் கப்பலேறுது!" என்பார். மகன் சிரிப்பான். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் அம்மா நிம்மதியாகக் கோயிலுக்குப் போய் வருவார்.

ஆறாவது வருஷம் சலூன்காரருக்குக் கல்லீரல் கெட்டுப்போனது. இனி நாள் கணக்குத்தான் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று தேம்பினார்.

"அண்ணே, இனிமே எங்களுக்கு யாருண்ணே இருக்கா?"

அவருக்கு மூச்சு வாங்கியது. இருந்தும் மெல்லச் சொன்னார்.

"என்கிட்ட சொன்ன மாதிரியே பக்கத்து வீட்டுலயும் சொல்லு தங்கச்சி. தெருவுல இத்தனை பேர் இருக்காங்க. ஒருத்தர்கூடவா வந்து உக்கார மாட்டாங்க?"