திராட்சை இல்லாத வட்டயப்பம்

சேர்த்தலைக்கு மேற்கே, கடலுக்கும் காயலுக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் கண்ணங்கடவில், உதயம் வாசகசாலையின் புத்தகங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது விலாசினி சேச்சியின் வேலை. வாசகசாலைக்கு வர நேரமில்லாத பெண்களுக்கும் நடக்க முடியாத முதியவர்களுக்கும் என்று ஏற்பட்ட வேலை அது. தோளில் துணிப்பை, கையில் குடை, மழை பிடித்தால் புத்தகங்களைச் சுற்ற ஒரு பிளாஸ்டிக் தாள். சம்பளம் பெயருக்குத்தான். அதை நம்பி யாரும் இந்த வெயிலில் நடக்க மாட்டார்கள்.

யாருக்கு எது வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. கயிறு சங்கத்து அம்மிணிக்குக் கொலை நடக்காத கதை கதையே இல்லை. பீமா உம்மாவுக்கு எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், காதல் இருக்க வேண்டும், கடைசியில் யாரும் சாகக் கூடாது. மரம் ஏறுவதை விட்டுவிட்ட புஷ்கரன் அண்ணன் யுத்தத்தைப் பற்றி மட்டும் படிப்பார். எல்லோருக்கும் அவரவர் கேட்டதைக் கொடுத்துவிட்டு, கூடவே கேட்காத ஒன்றையும் சேச்சி செருகிவிடுவார். “இதையும் கொஞ்சம் புரட்டிப் பாருங்க. எத்தனை நாளுக்கு ஒரே படியில நிக்கறது?” என்பார். வாசிப்பில் படிகள் உண்டென்றும், ஊரையே கைப்பிடித்து ஏற்றிவிடும் பொறுப்பு தன்னுடையதென்றும் அவருக்கு ஒரு நினைப்பு. அந்தக் கணக்கில் சமையல் புத்தகம் படியிலேயே சேராது. அது வாசலில் கிடக்கும் மிதியடி.

மெட்டில்டா வாசகியாகச் சேர்ந்தபோது கேட்டது அதைத்தான்.

அவள் வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால். இரண்டு மாடி. சுவரெல்லாம் மாம்பழ மஞ்சள், தூண்கள் கத்தரிப்பூ நிறம். அவள் கணவன் ஆன்சன் சவூதி அரேபியாவின் தம்மாமில் பெயிண்டராக இருந்தவன். கையில் காசு புரண்ட வருஷம் லீவில் வந்து தானே சாரம் கட்டி அடித்த நிறங்கள் அவை. இப்போது கம்பெனி மூடி, ஊருக்கு வந்து, மறு விசாவுக்காகக் காத்திருந்தான்.

“கலர் படம் போட்ட சமையல் புத்தகம் இருக்கா சேச்சி?” என்றாள் மெட்டில்டா. “அப்புறம், அவருக்கு நிறங்களைப் பத்தி ஏதாவது இருந்தா.”

“வீட்டுலயே வானவில்லைப் பூசி வச்சிருக்கீங்க. அதுக்கு மேல நிறத்துக்குப் புத்தகம் வேறயா?” என்று சேச்சி சிரித்தார். மெட்டில்டாவும் சிரித்தாள்.

வாசகசாலையில் தடித்த சமையல் புத்தகம் ஒன்று இருந்தது. வழவழப்பான தாள், பக்கத்துக்கு ஒரு படம். மெட்டில்டா அதை எடுத்தாள். அடுத்த புதன்கிழமை திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் அதையே கேட்டாள். அதற்கடுத்த புதனும் அதேதான்.

“இன்னுமா சமைச்சு முடியல?”

“இப்பதான் பாயசம் வரைக்கும் வந்திருக்கோம் சேச்சி.”

மழைக்காலம் முழுக்க இப்படியே போயிற்று. ஒருநாள் பொறுக்க முடியாமல், வங்காளத்துப் பஞ்சத்தைப் பற்றிய நாவல் ஒன்றைச் சேச்சி அவள் கையில் திணித்தார். “தின்னறதைப் பத்தியே படிச்சா எப்படி? பசின்னா என்னன்னும் மனுஷன் தெரிஞ்சுக்கணும்” என்றார்.

ஒரு வாரம் கழித்து மெட்டில்டா அதை அப்படியே நீட்டினாள். “நாலு பக்கம் படிச்சேன் சேச்சி. அதுக்கு மேல முடியல.”

“மாளிகையில உக்காந்து படிச்சா அப்படித்தான் இருக்கும்.”

மெட்டில்டா சேச்சியின் பையைத் திறந்தாள். சமையல் புத்தகம் பையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள்.

ஓணம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் வாசகர் வட்டம் கூடியது. படித்ததைப் பற்றி ஆளுக்குக் கொஞ்சம் பேச வேண்டும். இருபது பேருக்கு மேல் வந்திருந்தோம். மெட்டில்டாவின் முறை வந்ததும் சேச்சி எழுந்து அறிமுகப்படுத்தினார்: “எல்லாரும் கண்ணால படிப்பாங்க. நம்ம மெட்டில்டா வயித்தால படிக்கிறவ!”

அறை முழுக்கச் சிரிப்பு. மெட்டில்டா அது அடங்கும்வரை நின்றுவிட்டு, வட்டயப்பம் சுடுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். ஊறின அரிசியைத் தேங்காயோடு அரைப்பது, துளி கள் விட்டு மூடி வைப்பது, விடியும்போது மாவு பொங்கி மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்பது, வேகும்போது வீடு முழுக்கப் பரவும் ஏலக்காய் வாசனை. யாரும் சிரிக்கவில்லை இப்போது. புஷ்கரன் அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“பேசியே கொல்லாதடி. சுட்டுக் கொண்டா!” என்று கத்தினாள் அம்மிணி.

சேச்சி மேசையைத் தட்டினார். “அடுத்த ஞாயித்துக்கிழமை மெட்டில்டா வீட்டு வட்டயப்பம். தீர்மானம் நிறைவேறிச்சு!”

எல்லோரும் கைதட்டினார்கள். மெட்டில்டா கொஞ்சம் தாமதமாகத் தலையாட்டினாள்.

சொன்னபடியே கொண்டுவந்தாள். பெரிய எவர்சில்வர் டப்பாவில், வெள்ளைவெளேரென்று, துணியில் பொதிந்து. தொட்டால் அமுங்கி எழும்பியது. நாலாம் வகுப்பு படிக்கும் அவள் மகள் அனீட்டா கூட வந்திருந்தாள். தனக்குக் கொடுத்த துண்டில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் தம்பிக்கென்று காகிதத்தில் மடித்தது குழந்தை. என்ன வளர்ப்பு என்று சேச்சி பக்கத்திலிருந்தவளிடம் மெச்சினார்.

“ஆமா, புத்தகத்துல மேல திராட்சை இருந்துதே? வழியிலயே தின்னுட்டியா?” என்று மெட்டில்டாவைக் கேட்டார்.

“மறந்துட்டேன் சேச்சி” என்றாள் மெட்டில்டா.

சேச்சி மூன்றாவது துண்டையும் எடுத்துக்கொண்டார்.

டப்பா வாசகசாலையிலேயே தங்கிவிட்டது. புதன்கிழமை சேச்சி அதையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்றைக்கு பந்த். பஸ் இல்லை, கடை இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. காலால் நடப்பவருக்கு பந்த் என்ன செய்யும்? மஞ்சள் வீட்டு வாசலில் மணியை அழுத்தினார். சத்தம் வரவில்லை. பின்பக்கம் பேச்சுக் குரல் கேட்டதால் வீட்டைச் சுற்றிக்கொண்டு போனார்.

சமையலறைக் கதவு திறந்திருந்தது. தரையில் அனீட்டாவும் தம்பி ஜீவனும் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் உப்புப் போட்டு வேகவைத்த பப்பாளிக்காய். நடுவில் சமையல் புத்தகம் விரிந்திருந்தது. மெட்டில்டா பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு இன்னைக்குக் கோழி” என்றான் ஜீவன்.

“நேத்தும் நீதான் கோழி. இன்னைக்கு நான் கோழி, நீ மீன் மொளகிட்டது.”

“மீன்ல முள்ளு இருக்கும்.”

“படத்துல ஏதுடா முள்ளு?” என்றாள் மெட்டில்டா. சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவள் வாசலில் ஆளைப் பார்த்தாள்.

அனீட்டாவின் கண் போனது சேச்சியின் முகத்துக்கு அல்ல, டப்பாவுக்கு. எழுந்து வந்து வாங்கி, மூடியைத் திறந்து பார்த்தாள். கழுவித் துடைத்த வெறும் டப்பா. மூடி, அலமாரியில் வைத்துவிட்டு மறுபடியும் தட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

 மெட்டில்டா சேச்சியை வெளியே கிணற்றடிக்கு அழைத்துப் போனாள்.

“பள்ளிக்கூடம் உண்டுன்னா மத்தியானச் சோறு அங்க கிடைச்சிரும். பந்த்னாதான் பாடு” என்றாள், பால் திரிந்துவிட்டது என்பதைப் போல.

“ரேஷன்?”

“வெள்ளை கார்டு சேச்சி. மஞ்சளோ ரோஸோ இருந்தாத்தான் அரிசியைச் சும்மா மாதிரி வாங்கலாம். இந்த வீட்டைப் பாத்தா யாரு ரோஸ் குடுப்பா?”

“நீ ஏதாவது வேலைக்குப் போகக் கூடாதா?”

“போறேன்னுதான் சொன்னேன். கல்ஃப்காரன் பொண்டாட்டி கூலிக்குப் போறான்னு ஊரு சிரிக்கும்கறார். விசா வந்துருமாம்.” மாடியைப் பார்த்தாள். ஜன்னல்கள் சாத்தியிருந்தன.

சேச்சி கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டார். “அப்போ அந்த அப்பம்?”

“ஓணத்துக்குப் புள்ளைங்களுக்கு ஸ்கூல்ல அரிசி குடுத்தாங்கல்ல. அதைக் கடையில குடுத்து பச்சரிசியும் சக்கரையுமா மாத்திக்கிட்டேன். தேங்கா நம்ம மரத்துது. திராட்சைக்குத்தான் காசு பத்தாமப் போச்சு.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி!”

“எப்படிச் சொல்றது? எல்லாரும் கைதட்டிட்டீங்களே.”

அன்று மற்ற வீடுகளுக்குச் சேச்சி போகவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தவர் அப்படியே மூடி வைத்துவிட்டார். அந்த வெள்ளைத் துண்டுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. முதல் துண்டு தின்றது கூடப் போகட்டும். மூன்றாவதை எடுக்கும்போது அனீட்டா எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள்? எவ்வளவு யோசித்தும் அது மட்டும் ஞாபகம் வரவில்லை. அந்தக் குழந்தையின் பக்கம் தான் திரும்பவே இல்லை என்பதுதான் ஞாபகம் வந்தது.

அடுத்த முறை போனபோது புத்தகங்களுக்கு அடியில் ஒரு பொட்டலம் அரிசி இருந்தது. மெட்டில்டா பையில் கை விட்டதுமே தெரிந்துகொண்டாள்.

“இது வாசகசாலை அரிசியா? மெம்பர் எல்லாருக்கும் உண்டா?”

“இல்ல மோளே, நான்தான்...”

“அப்போ வேணாம் சேச்சி. புத்தகத்தை மட்டும் குடுங்க.”

அதோடு விட்டிருக்கலாம். சேச்சியால் முடியவில்லை. குற்றம் செய்த கைக்கு எதையாவது சரிசெய்யாமல் இருப்புக் கொள்ளாது. வார்டு மெம்பர் சியாமளாவிடம் போய், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று சொல்லி, எல்லாவற்றையும் சொன்னார். கார்டை மாற்ற வழி உண்டா என்று கேட்டார். சியாமளா நல்லவள்தான். அவளும் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று சொல்லித்தான் இளைஞர் சங்கத்திடம் சொன்னாள்.

சாயங்காலத்துக்குள் சங்கத்துப் பையன்கள் அரிசி, பருப்பு, எண்ணெய் என்று ஒரு மூட்டையோடு மஞ்சள் வீட்டு முன்னால் நின்றார்கள். கதவைத் திறந்த ஆன்சன் கையில் மூட்டையை வைத்து ஒரு படம். பின்னால் கத்தரிப்பூத் தூண்கள் பளிச்சென்று விழுந்திருந்தன. ராத்திரிக்குள் ஊரில் எல்லோருடைய போனிலும் அது வந்துவிட்டது. “வெளியே வர்ணம், உள்ளே வறட்சி” என்று யாரோ கீழே எழுதியிருந்தார்கள். அதற்கும் சிரிக்கிற முகங்களைப் போட்டிருந்தார்கள்.

மறுநாள் மெட்டில்டா தானே வாசகசாலைக்கு வந்தாள். புத்தகத்தையும் மெம்பர் அட்டையையும் மேசையில் வைத்தாள்.

“நான் நல்லதுக்குத்தான்...” என்று சேச்சி ஆரம்பித்தார்.

“தெரியும். அன்னைக்குக் கைதட்டினதும் நல்லதுக்குத்தான்.” அவள் குரல் உயரவில்லை. “நீங்க சிரிச்சப்போ கூட எனக்குக் கோவம் வரல சேச்சி. தெரியாம சிரிச்சீங்க. இது தெரிஞ்சு செஞ்சது.”

பிற்பாடு ரேஷன் அதிகாரி வந்து வீட்டை அளந்து பார்த்தார். வீடு பெரிது, கார்டு வெள்ளைதான் என்று எழுதிவிட்டுப் போனார்.

ஆனால் ஊருக்குத் தெரிந்தபின் மறைக்க என்ன இருக்கிறது? பஞ்சாயத்து ஆபீஸ் பக்கத்தில் பெண்கள் குழு நடத்தும் சாப்பாட்டுக் கடையில் மெட்டில்டா சமையலுக்குச் சேர்ந்தாள். ஆன்சன் தடுக்கவில்லை. நாலைந்து மாதம் யார் முகத்தையும் பார்க்காமல் இருந்துவிட்டு, அவனும் ஒருநாள் கொச்சிக்குப் போய்ப் பெயிண்ட் வேலைக்கு நின்றான். அந்தக் கடை மீன் குழம்புக்கு இப்போது பஸ் டிரைவர்கள் வண்டியை நிறுத்துகிறார்கள்.

“பாத்தியா, எல்லாம் நல்லதா முடிஞ்சுது. நீ மெம்பர்கிட்ட போகலைன்னா அவ இன்னும் பப்பாளிக்காய் வேக வச்சிட்டிருப்பா” என்று அம்மிணி தேற்றினாள்.

“நல்லதா முடிஞ்சா, நான் செஞ்சது நல்லதாயிடுமா?” என்றார் சேச்சி. 

அவர் மாறிப்போனார். கேட்காத புத்தகத்தை யாருக்கும் செருகுவதில்லை. கேட்ட புத்தகத்தைப் பற்றி வாய் திறப்பதும் இல்லை. “என்ன சேச்சி, இப்பல்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?” என்று பீமா உம்மா குறைப்பட்டுக்கொண்டார். ஊரை ஏற்றிவிடப் பார்த்த படியெல்லாம் எங்கே போயிற்றோ.

சாப்பாட்டுக் கடைக்கு மட்டும் அடிக்கடி போனார். கூட்டம் குறைகிற நேரம் பார்த்துப் போய், கை கழுவும் இடத்தில் நின்று, மன்னிச்சிரு மோளே என்பார். பரவால்ல சேச்சி என்பாள் மெட்டில்டா. அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரமும். ஒருநாள் மெட்டில்டா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“சேச்சி, ஒண்ணு சொன்னா வருத்தப்பட மாட்டீங்களே? நீங்க வந்து மன்னிப்பு கேக்குற ஒவ்வொரு தடவையும் நான் பரவால்லன்னு சொல்ல வேண்டியிருக்கு. எனக்கு அது பரவால்ல இல்ல. சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு. இனிமே கேக்காதீங்க.”

சேச்சி தலையசைத்துவிட்டுத் திரும்பினார். வாசல் வரை போய்விட்டார்.

“எங்க போறீங்க? மணி ரெண்டாச்சு. உக்காருங்க.”

ஒரு மூலையில் உட்கார்ந்தார். மெட்டில்டா மற்றவர்களுக்கு வைப்பதைப் போலவே தட்டு வைத்தாள், அதே அளவு சோறு, அதே அளவு குழம்பு.  மறுசோறு கொண்டுவந்தபோது சேச்சி தட்டின்மேல் கையை வைத்து மறைத்தார்.

“கையை எடுங்க” என்றாள் மெட்டில்டா. “நீங்க பட்டினி கிடந்தா எனக்கு என்ன கிடைக்கப் போவுது?”

விலாசினி சேச்சி கையை எடுத்தார். சோறு விழுந்தது. அடுத்த மேசையில் யாரோ குழம்பு கேட்டார்கள், மெட்டில்டா அங்கே போய்விட்டாள்.